14 பெயர், 9 வகை: மரவள்ளியில் எதைக் கைவிடுவது?

கேள்வி: எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லாருமே சிறு விவசாயிகள். அவரவர் நிலத்தில் இருக்கும் மரவள்ளி ரகங்களைப் பட்டியல் எடுத்தபோது 14 பெயர்கள் வந்தன. ஓர் ஆய்வுக்குழு இலை மாதிரிகளை எடுத்துப்போய் டிஎன்ஏ சோதனை செய்து அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன்படி 14 பெயருக்கும் சேர்த்து 9 வகைதான் உண்டாம். 'கருங்குச்சி', 'நெட்டைக்கருப்பு' என்று நாங்கள் பிரித்துச் சொல்பவை இரண்டும் ஒன்றேயாம். 'செங்காம்பு' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை கலந்திருக்கிறதாம். பெரியவர்களுக்கு ரகம் பிரிக்கத் தெரியவில்லை என்று இளவட்டங்கள் கேலி செய்கிறார்கள். ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். எதற்கு ஒன்பது, இலையில் மஞ்சள் திட்டு விழவைக்கும் தேமல் வைரஸ் நோயைத் தாங்கும் புது ரகம் ஒன்றே போதும் என்கிறார்கள் வேறு சிலர். இன்னொன்று: வரப்போரத்தில் விதையிலிருந்து தானாக முளைத்த மரவள்ளிக் கன்றுகள் சில நிற்கின்றன. பிடுங்கிவிடலாமா?

பதில்: இந்தப் பருவத்தில் எதையும் தூக்கி எறிய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் குறை கண்டு சொல்லவில்லை. 'இந்த இரண்டு செடியும் ஒரே தாய்ச்செடியின் குச்சிவழி வந்தவையா?' என்ற கேள்விக்கு ஆய்வகம் விடை சொல்லியிருக்கிறது. உங்கள் குழு கேட்பது வேறு: 'இதில் எது இல்லாமல் போனால் நமக்கு நஷ்டம்?' அதற்கு டிஎன்ஏ அறிக்கை பாதி உதவிதான் செய்யும். மீதி உங்கள் நிலத்திலும் அந்தப் பெரியவர்களின் நினைவிலும் இருக்கிறது.

கேலியில் இருந்து ஆரம்பிப்போம். மரவள்ளியை வருஷக்கணக்காகக் கையாண்ட ஒருவர் ரகம் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நுனிக்குருத்தைப் புரட்டி அதில் ரோமம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். இலைக்காம்பின் நிறத்தை இலைப்பக்கம் ஒரு தடவை, தண்டுப்பக்கம் ஒரு தடவை பார்ப்பார். தண்டில் இலை உதிர்ந்த இடத்துத் தழும்பு புடைத்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்று கவனிப்பார். நகத்தால் மேல்தோலைச் சுரண்டி உள்பட்டையின் பச்சை எந்தப் பச்சை என்று பார்ப்பார். கிழங்கு கையில் இருந்தால் வெளித்தோலை உரித்து உள்தோல் வெள்ளையா, இளஞ்சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்வார். ஆராய்ச்சியாளர்கள் ரகத்தை வர்ணிக்க வைத்திருக்கும் சர்வதேசப் பட்டியலிலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான் இருக்கின்றன. குருத்தின் நிறத்தை நடவு செய்த 3ஆம் மாதத்திலும், இலை மடல்களை 6ஆம் மாதத்திலும், தண்டின் நிறத்தை 9ஆம் மாதத்திலும் பார்க்க வேண்டும் என்று அதில் காலம் மட்டும் குறித்திருப்பார்கள்.

அந்தக் காலக்குறிப்பு முக்கியம். செடி முதிர முதிர இலை மடல்களின் எண்ணிக்கை குறையும். நிழலில் நிற்கும் செடியின் காம்பு வெளிறும். வறட்சியில் இலை குறுகும். அதனால் ஒரே குச்சிவழி வந்த இரண்டு செடிகள் இரண்டு நிலங்களில் வெவ்வேறு ரகம்போலத் தெரிய வாய்ப்பு உண்டு. 'கருங்குச்சி'யும் 'நெட்டைக்கருப்பு'ம் இப்படிப் பிரிந்த பெயர்களாக இருக்கலாம். அல்லது ஒரே ரகம் இரண்டு வழியாக வந்து, வந்த வழியில் ஆளுக்கொரு பெயரைப் பெற்றிருக்கலாம். இது உலகம் முழுக்க நடப்பதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளிக் கிழங்கை அழுகவைக்கும் பழுப்புக்கீற்று என்ற வைரஸ் நோயைத் தாங்குவதற்குப் பேர்போன ரகம் ஒன்று தான்சானியாவில் 'நமிகொங்கா', கென்யாவில் 'கலேசோ'. மரபணு பார்த்தபோது இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. விஞ்ஞானிகளே இரண்டு பெயரிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேலி செய்யவில்லை.

இங்கே இன்னொரு சந்தேகமும் உண்டு. டிஎன்ஏ சோதனை மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. குச்சிவழியாகவே காலங்காலமாகப் பெருகும் பயிரில் எப்போதாவது ஒரு கணுவில் சின்ன மாற்றம் நேரும். அந்தக் கணுவிலிருந்து வந்த செடி குணத்தில் கொஞ்சம் மாறியிருக்கும். சோதனை தொட்ட இடங்களில் மாற்றம் இல்லையென்றால் அறிக்கையில் இரண்டும் 'ஒன்றே' என்றுதான் வரும். ஆகவே இரண்டையும் ஒரே நிலத்தில், ஒரே நாளில், ஒரே நீளக் குச்சியாகப் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நடுங்கள். அறுவடை வரை வித்தியாசம் எதுவும் தெரியாவிட்டால் அப்புறம் ஒன்று என்று ஒத்துக்கொள்ளலாம். வித்தியாசம் விளைச்சலில் மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு வீட்டுக் குச்சியில் வைரஸ் ஏறியிருக்கும், இன்னொரு வீட்டுக் குச்சி சுத்தமாக இருக்கும். 'அந்த ரகம் களைத்துப்போச்சு' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு குச்சிவழி சேர்ந்த வைரஸ்தான்.

ஒரே பெயருக்குள் மூன்று வகை இருப்பதை உங்கள் இளவட்டங்கள் குழப்பம் என்கிறார்கள். எனக்கு அறிக்கையிலேயே சுவாரசியமான இடம் அதுதான்.

மரவள்ளி குச்சியில் பெருகும் பயிர் என்றாலும் பூக்காத பயிர் இல்லை. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே இருக்கும். ஒரு பூங்கொத்தில் பெண் பூ முன்னதாக மலரும். ஆண் பூ ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் பெரும்பாலும் பக்கத்துச் செடியின் மகரந்தம்தான் சேரும். காய் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. வெயிலில் காய்ந்ததும் வெடித்துச் சிதறும். எறும்பும் இழுத்துப்போகும். மண்ணில் விழுந்த விதை பல காலம் தூங்கிக் கிடந்து, நிலம் திறந்து சூடு படும்போது முளைக்கும். இப்படி வரும் கன்று ஒவ்வொன்றும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த புதுப் பிள்ளை. அதைப்போல இன்னொன்று உலகத்தில் இருக்காது.

தென் அமெரிக்காவின் கயானாவில் மகுஷி மக்களின் நிலங்களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைப் பல வருடம் கூர்ந்து பார்த்தார்கள். களை எடுக்கும்போது தானாய் முளைத்த கன்றுகளை அந்த விவசாயிகள் எல்லாவற்றையும் பிடுங்குவதில்லை. பெரிதாக, திடமாக இருப்பதை விட்டுவைக்கிறார்கள், நோஞ்சானைப் பிடுங்குகிறார்கள். அறுவடையில் அதன் கிழங்கு பிடித்திருந்தால், எந்த ரகத்தைப்போல் இருக்கிறதோ அந்த ரகத்தின் பெயரிலேயே அதன் குச்சியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஆகவே அவர்களிடம் ஒரு பெயர் என்பது ஒரே செடியின் நகல்களை மட்டும் குறிப்பதில்லை. ஒன்றுபோலத் தெரிகிற, ஒன்றுபோலப் பயன்படுகிற ஒரு சின்னக் குடும்பத்தைக் குறிக்கிறது. களை எடுக்கும் கை செய்த இன்னொரு வேலையையும் அவர்கள் கண்டார்கள். தன் மகரந்தமே பட்டு உண்டான விதை பலவீனமான கன்றைத் தரும். அயல் மகரந்தத்தில் உண்டானது திடமாக வளரும். சிறுத்ததைப் பிடுங்கிப் பெருத்ததை விட்டதால், மரபணு வேறுபாடு அதிகமுள்ள கன்றுகளே நிலத்தில் தங்கின. மரபியல் புத்தகம் எதையும் புரட்டாமல் செய்த தேர்வு அது.

உங்கள் 'செங்காம்பு' எந்தக் கதை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அறிக்கை கொடுத்தவர்களிடம், அந்த மூன்று வகைக்குள்ளும் மற்ற ஆறு வகையோடும் உறவு எப்படி என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு தாயும் பிள்ளையுமாக வந்தால், யாரோ ஒருவர் எப்போதோ ஒரு நல்ல கன்றை அந்தப் பெயரில் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். சம்பந்தமே இல்லாத மூன்றாக வந்தால் குச்சிக்கட்டு மாறியிருக்கும், அல்லது இலை எடுத்தபோது உறையில் பெயர் மாறியிருக்கும். இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க, பத்தில் ஒரு செடிக்காவது மறுபடி இலை எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அப்படியே, எத்தனை இடங்களைப் பார்த்தார்கள், எவ்வளவு ஒத்துப்போனால் 'ஒன்றே' என்று கணக்கு வைத்தார்கள் என்றும் கேளுங்கள். சோதனையில் சிறு பிழைகள் வருவது சகஜம் என்பதால் அவர்கள் ஓர் எல்லைக்கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோட்டைத் தளர்த்தினால் அண்ணன் தம்பி ஒரே ஆளாகிவிடுவார்கள். இறுக்கினால் ஒரே ஆள் இருவராவார். 9 என்பது அந்தக் கோட்டைப் பொறுத்த எண்.

அந்த 9ஐயே அப்படியே எடுத்துக்கொண்டாலும் அது மட்டும் உங்கள் சொத்துக் கணக்கு ஆகாது. குழுவின் மொத்தச் செடிகளில் எந்த வகை எவ்வளவு என்று பாருங்கள். முக்கால்வாசி நிலம் ஒரே வகையாகவும் மற்ற எட்டும் ஆளுக்கு நாலு செடியாகவும் இருந்தால், நோய் வரும் நாளில் உங்களிடம் இருப்பது நடைமுறையில் ஒரே ரகம்தான். நாலே வகை சம அளவில் பரவியிருக்கும் குழு அதைவிடப் பாதுகாப்பாக இருக்கும். உறவையும் பார்க்க வேண்டும். ஒன்பதில் ஆறு ஒரே தாய்க்குப் பிறந்தவை என்றால் அது பெரிய பல்வகைமை இல்லை. மற்ற எதோடும் உறவில்லாமல் தனியாக நிற்கும் வகை ஒன்று இருந்தால், அதன் கிழங்கு சுமாராக இருந்தாலும் அதை முதலில் காப்பாற்றுங்கள்.

ஒவ்வொரு செடிக்குள்ளும் ஒரு பல்வகைமை இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். மரவள்ளிக்கு 36 குரோமோசோம்கள். தாய்வழி 18, தகப்பன்வழி 18. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். மரவள்ளியில் இந்த இரண்டு பிரதிகளும் நிறைய இடங்களில் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கும். குச்சியில் பெருக்குவதால் அந்தக் கலவை அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. கெட்ட பிரதி ஒன்று இருந்தாலும் நல்ல பிரதி அதை மறைத்துவிடும். 2017இல் மரவள்ளி, அதன் காட்டு உறவினங்கள் என 241 மாதிரிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு, குச்சிப் பெருக்கம் இப்படித் தீய மாற்றங்களைச் சுமந்துகொண்டே வந்திருப்பதைக் காட்டியது. மறைந்திருப்பது எல்லாமே கெட்டது என்றும் இல்லை. கொலம்பியாவில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் மரவள்ளியைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து பார்த்தபோது, மாவுச்சத்தின் இரண்டு கூறுகளில் ஒன்றான அமைலோஸ் அநேகமாக இல்லாத ஒரு செடி வெளிப்பட்டது. 2007இல் அதை அறிவித்தார்கள். ஆலைகள் விரும்பும் அந்தக் குணம் அதுவரை யார் கண்ணிலும் படாமல் ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்தது. உங்கள் எட்டாவது வகைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை அடுப்பில் வைத்து எரித்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும்.

சரி, புது ரகம். நான் பயிர் மரபியலில் வேலை பார்ப்பவன். மேம்படுத்திய ரகத்தை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. தேமல் உங்கள் பக்கம் கடுமையாக இருந்தால் கட்டாயம் வாங்கி நடுங்கள். நிலம் முழுக்க அது ஒன்றே என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உகாண்டாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 'எப்வனாதெரகா' என்ற ரகம் மக்களுக்கு ரொம்பப் பிடித்திருந்ததால் பல மாவட்டங்களில் அதுவே நிறைந்திருந்தது. 1980களின் கடைசியில் கடுமையான தேமல் நோய் ஒன்று கிளம்பி ஆண்டுக்குச் சில பத்துக் கிலோமீட்டர் என்ற கணக்கில் தெற்கே நகர்ந்தது. இரண்டு தேமல் வைரஸ்கள் ஒரே செடியில் சந்தித்துத் தங்கள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டதில் பிறந்த புது வைரஸ் அது என்று பின்னால் தெரிந்தது. வெள்ளை ஈ அதைச் சுமந்து போனது. விவசாயிகள் தெரியாமல் குச்சியில் சுமந்து போனார்கள். 'எப்வனாதெரகா'வால் தாங்க முடியவில்லை. 1990களில் பல இடங்களில் மரவள்ளி நடுவதையே விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. நோயைத் தாங்கும் ரகங்கள் வந்த பிறகுதான் பயிர் மீண்டது.

அந்தத் தாங்கும் ரகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை உங்கள் இளவட்டங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வழி 1930களில் ஆரம்பித்தது. தான்சானியாவின் அமானி ஆய்வு நிலையத்தில் ஸ்டோரியும் நிக்கல்ஸும் மரவள்ளியை அதன் உறவினமான சியாரா ரப்பர் மரத்தோடு கலந்தார்கள். பிறகு மறுபடி மறுபடி மரவள்ளியோடு கலந்து கிழங்கை மீட்டார்கள். அந்த வம்சம் நைஜீரியாவுக்குப் போய், இபாடானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தின் ரகங்களுக்கு அடிப்படை ஆனது. இன்னொரு வழி இதைவிடச் சுருக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் சாதாரண விவசாயிகளின் நிலத்தில் இருந்து சேகரித்த நாட்டு ரகங்களிலேயே வலுவான எதிர்ப்பு இருந்தது. ஒற்றை மரபணு இடத்திலிருந்து வரும் அந்தக் குணத்தைத்தான் இன்று மரவள்ளி ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் காரணமான மரபணு எது என்று 2022இல்தான் தெரிந்தது. அந்த நாட்டு ரகங்களை வைத்திருந்தவர்கள் தேமல் ஆராய்ச்சிக்காக வைத்திருக்கவில்லை. கிழங்கு பிடித்திருந்தது, அதனால் வைத்திருந்தார்கள்.

ஒற்றை இடத்து எதிர்ப்பு என்பதில் ஒரு கவலையும் இருக்கிறது. உங்கள் புது ரகமும் பக்கத்து ஊர்களின் புது ரகமும் ஒரே மரபணுவை நம்பியிருந்தால், வைரஸ் அதைத் தாண்டக் கற்றுக்கொள்ளும் நாளில் எல்லாருக்கும் சேர்த்தே விழும். தேமலைத் தாங்கும் ரகம் பழுப்புக்கீற்று நோயையும் தாங்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. உகாண்டாவிலேயே தேமலை வென்ற ரகங்களில் பல, 2000களில் பழுப்புக்கீற்றில் அடிபட்டன. அதனால் புது ரகத்தைப் பாதி நிலத்துக்குக் கொடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. மீதியில் உங்கள் பழைய வகைகள் இருக்கட்டும். இந்தப் பங்கு என் அனுபவக் கணிப்புதான், சூத்திரம் இல்லை.

பழைய வகைகளை எதற்கு வைத்திருக்கிறோம் என்றும் ஒவ்வொருவரும் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்று ஆறேழு மாதத்தில் வந்துவிடும். ஒன்று ஒன்றரை வருஷம் மண்ணிலேயே கிடந்தாலும் நாராகாது. தோண்டிய இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் கிழங்குக்கு மண்தானே கிடங்கு. முன்பின்னாக முதிரும் ரகங்கள் இருந்தால்தான் ஆண்டு முழுக்க எடுக்க முடியும். ஒன்று கிளை விரித்துக் களையை அமுக்கும். ஒன்று நேராக நிமிர்ந்து ஊடுபயிருக்கு வெளிச்சம் விடும். கசப்பு ரகத்தையே வேண்டும் என்று நடுகிறவர்களும் உண்டு. மலாவியில் பெண் விவசாயிகள் அதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: திருடனும் விலங்கும் அண்டுவதில்லை. இந்தக் காரணங்களைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். 14 பெயரில் எதற்கு வேலை இருக்கிறது, எது வெறும் பழக்கம் என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். காரணம் யாருக்கும் நினைவில்லாத ரகம்தான் முதலில் காணாமல்போகும்.

ரகம் யார் மூலமாக உங்களிடம் வந்தது என்பதையும் கூடவே கேட்டு எழுதிவையுங்கள். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்வழிச் சமூகங்கள் வாழும் தெற்கில் மரவள்ளி வகைகள் அதிகமாகவும், தந்தைவழிச் சமூகங்கள் வாழும் வடக்கில் குறைவாகவும் இருந்தன. கல்யாண உறவு எந்த ஊரோடு எந்த ஊரைச் சேர்க்கிறதோ அந்தப் பாதையில்தான் குச்சியும் நடந்திருக்கிறது. உங்கள் குழுவிலும் இப்படி ஒரு பாதை இருக்கும். அதில் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று தெரிந்தால், ஏதாவது ஒரு ரகம் அழிந்தாலும் யாரிடம் கேட்கலாம் என்று தெரியும். பெரும்பாலும் அது ஒன்றிரண்டு வயதான பெண்களாக இருப்பார்கள். உங்கள் கூட்டங்களுக்கு அவர்களை அழைக்கிறீர்களா?

வரப்போரக் கன்றுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம், எல்லாவற்றையும் விடவும் வேண்டாம். இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருப்பதை இன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள். மீதியில் நன்றாக எழும்பியதாக மூன்று நாலு போதும். விதைக்கன்று முதல் ஆண்டில் ஆணிவேர் விட்டு வளரும்; குச்சியில் வந்த செடியைப்போல இருக்காது. அதன் கிழங்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதிலிருந்து குச்சி வெட்டி அடுத்த பருவம் ஆறேழு செடியாக நட்டு, அப்போது பாருங்கள். அதிலும் பெரும்பாலானவை தாயைவிட மட்டமாகத்தான் இருக்கும். எங்களைப்போன்றவர்கள் ஆயிரக்கணக்கான விதைக்கன்றுகளில் தேடித்தான் ஒரு ரகத்தை எடுக்கிறோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விதைக்கன்றின் கிழங்கை யாரும், குறிப்பாகக் குழந்தைகள், பச்சையாகக் கடித்துப் பார்க்கக் கூடாது. தாய் இனிப்பு ரகமாக இருந்தாலும் பிள்ளை கசப்பாகப் பிறக்கலாம். மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். இனிப்பு ரகம் என்று சொல்வது பொதுவாக ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதை. கசப்பு ரகங்களில் அதைப்போல நாலைந்து மடங்குகூட இருக்கும். வறட்சி வந்தால் அளவு இன்னும் ஏறும். நாக்குச் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் 1981இல் வறட்சியின்போது சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியைத் தின்று 1,100 பேருக்கு மேல் கால் முடங்கிப்போனார்கள். அது குணமாகாத முடக்கம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பிக்ரேட் காகிதச் சோதனை எளிமையானது. மஞ்சள் காகிதம் பழுப்பாக மாறும் அளவை வைத்துச் சயனைடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அறிக்கை கொடுத்த ஆய்வுக்குழுவிடமே இதைச் செய்துதரச் சொல்லுங்கள். 'செங்காம்பு'வின் மூன்று வகைக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரே பெயரை நம்பி ஒரே மாதிரி சமைக்கிறவர்களுக்கு அந்தத் தகவல்தான் எல்லாவற்றையும்விட அவசரம்.

பாதுகாக்கும் முறை பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு வகையும் குறைந்தது மூன்று வீட்டு நிலத்தில், வீட்டுக்குப் பத்துச் செடியாவது இருக்கட்டும். பெயர்ப்பலகை வெயிலில் மங்கும், ஆடு முட்டிச் சாயும். அதனால் வரிசைக்கணக்கில் ஒரு வரைபடம் நோட்டில் இருக்க வேண்டும். நட்ட 3 முதல் 5 மாதத்துக்குள் தேமல் தெளிவாகத் தெரியும். அப்போதே சுத்தமான செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அறுவடையில் அடையாளம் வைத்த செடியில் இருந்து மட்டும், தண்டின் நடுப்பகுதியில், ஐந்தாறு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளக் குச்சி வெட்டுங்கள். உடனே நடாவிட்டால் முழுத் தண்டாகவே நிழலில் நிற்கவையுங்கள். வெட்டி வைத்த குச்சி சீக்கிரம் காயும். இந்த ஒரு பழக்கத்தினாலேயே சில 'களைத்த' ரகங்கள் இரண்டு மூன்று பருவத்தில் தேறிவருவதைப் பார்ப்பீர்கள். முழுக்க வைரஸ் ஏறிப்போன, ஆனால் விடக்கூடாத வகை ஏதாவது இருந்தால் மட்டும் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நாடுங்கள்.

'மரபணு வங்கியில் இருக்குமே, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?' என்று யாராவது கேட்பார்கள். கொலம்பியாவில் இருக்கும் உலகத் தொகுப்பில் ஆறாயிரத்துச் சொச்சம் மரவள்ளி வகைகள் கண்ணாடிக் குழாயில் மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. அருமையான வேலை. ஆனால் குழாயில் இருப்பதைப் பூச்சியும் வறட்சியும் தொடுவதில்லை. அங்கே புதுக் கன்றும் முளைப்பதில்லை. உங்கள் 9 வகையும் அங்கே இருக்கின்றனவா என்று ஆய்வுக்குழுவிடம் கேட்டுப் பாருங்கள். இல்லாத வகை ஏதாவது இருந்தால் ஒரு பிரதி அனுப்பிவைக்கலாம். அதற்கு முன் எந்த நிபந்தனையில் கொடுக்கிறீர்கள், யார் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவு, வேளாண்மைக்கான தாவர மரபு வளங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. மரவள்ளி அதன் பட்டியலில் இருக்கும் பயிர். அதற்கென்று நிலையான பரிமாற்றப் படிவம் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது, ஆய்வுக்குழுவுக்கு ஒரு கடிதம். மூல எண் அட்டவணை, உறவுமுறை அட்டவணை, எல்லைக்கோடு எவ்வளவு என்ற விவரம், எந்த இலை யார் நிலத்தில் எந்தச் செடியில் எடுத்தது என்ற பதிவு, இந்த நான்கையும் கேளுங்கள். இலை உங்களுடையது, கேட்கத் தயங்க வேண்டாம். அவை கைக்கு வந்ததும் 'செங்காம்பு' நிற்கும் நிலங்களில் இருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பெரியவர்களையும் கேலி செய்த இளவட்டங்களையும் சேர்த்தே கூட்டிப்போய், அறிக்கையில் உள்ள மூன்று வகையையும் குருத்து, காம்பு, தழும்பு பார்த்துப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.